முகப்பை மாற்றினேன், மாப்பிள்ளைகளைக் காணோம்

எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன் முன்பு என்னிடம் கேட்டான்: “சார், கிளாஸ் ரூம மாத்துனா நேத்து நடத்துன பாடமெல்லாம் போயிருமுங்களா?”

வகுப்பே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன்.

இன்று காலை வீட்டுக் கணினியில் இருக்கும் லினக்ஸ் இயங்குதளத்தின் முகப்பை, அதாவது திரைத் தோற்றத்தை, மாற்றினேன். புதிய முகப்பு துடைத்த கரும்பலகை மாதிரி இருந்தது; திரையில் ஒரு கோப்புகூடத் தெரியவில்லை. எனக்கு மிகவும் பிடித்துப்போனது.

பத்து மணிக்கு என் மனைவி வந்து உட்கார்ந்தாள். மகளுக்கு வந்த ஜாதகங்களை அவள் திரையிலேயேதான் அடுக்கி வைத்திருப்பாள். திருச்செங்கோட்டில் அவள் தங்கை ஜோசியர் முன்னால் உட்கார்ந்து, பள்ளிபாளையத்துப் பையனின் ஜாதகம் போனில் வரும் என்று காத்திருந்தாள்.

“ஏனுங்க, மாப்பிள்ளைங்க ஒருத்தரையும் காணோமுங்க. அழிச்சுப்போட்டீங்களா?”

“எல்லாம் உள்ளதான் இருக்குது. இப்ப, ஒரு கிளாஸ்ல பெஞ்ச மாத்திப் போடறோம்னு வெச்சுக்க…”

“பெஞ்சு கெடக்கட்டுமுங்க. சோசியரு எந்திரிச்சுட்டாராமா.”

உதாரணத்தைப் பாதியில் விட்டுவிட்டு லாக் அவுட் செய்தேன். கடவுச்சொல் கேட்கும் திரையில் பழைய முகப்பைத் தேர்ந்தெடுத்து மறுபடி உள்ளே போனேன். மாப்பிள்ளைகள் வரிசை கலையாமல் நின்றார்கள். ஜாதகமும் ஜோசியர் செருப்பை மாட்டுவதற்குள் போய்ச் சேர்ந்தது. பொருத்தம் பரவாயில்லையாம்.

“இனி முகப்ப மாத்தறதுன்னா, எனக்கும் அதுக்கும் பொருத்தம் பாத்துட்டு மாத்துங்க” என்றாள்.

அந்த மாணவனைப் பார்த்து நான் சிரித்திருக்கக் கூடாது.

நீங்களும் முகப்பை மாற்றுவதாக இருந்தால், திரையில் வைத்த கோப்புகளெல்லாம் இருக்கும் ‘டெஸ்க்டாப்’ என்ற கோப்புறையை முதலில் திறந்து வீட்டில் இருப்பவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.