ஜாக்கெட் துணி ஒட்டிய ஸ்பீக்கர்

எருமப்பட்டியில் எங்கள் சித்தப்பா வீட்டில் பாட்டுப் போட்டால் பக்கத்துத் தோட்டத்து மாடுகள் கயிற்றை இழுக்கும். பம்பாய்க்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர், அங்கிருந்து ஒரு டேப்பும் இடுப்புயர ஸ்பீக்கர் பெட்டியும் கொண்டுவந்திருந்தார். ஊருக்குப் பவிசு காட்டத்தான் இத்தனை சத்தம் என்று நான் முடிவுகட்டியிருந்தேன். லீவு விட்டதும் அங்கே போய் விழுகிற எனக்கும் அந்தப் பவிசில் பங்கு உண்டு.

சித்திக்குக் காது கேட்காது. கல்யாணத்துக்குப் பிறகு வந்த ஒரு காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. வாயசைவைப் பார்த்துப் பதில் சொல்வார். ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைப்பவர். கொக்கி வைக்க உட்கார்ந்தால் அந்தப் பெட்டியில்தான் முதுகைச் சாய்ப்பார். சாய்ந்துகொள்ள வீட்டில் சுவரா இல்லை என்று நினைப்பேன்.

ஒரு கோடை லீவில் பெட்டி கரகரக்க ஆரம்பித்தது. சித்தப்பா முன்பக்கத்தைக் கழற்றினார். காகிதக் கூம்பு முன்னும் பின்னும் அசைவதற்காக அதைச் சுற்றி வைத்திருந்த ஸ்பாஞ்சு வளையம் மக்கி, தொட்ட இடமெல்லாம் மாவாக உதிர்ந்தது. வெளியே லோடு ஏற்றிய வண்டி நின்றுகொண்டிருந்தது.

"இதையச் சரி பண்ணாம நான் வண்டி எடுக்க மாட்டேன்" என்றுவிட்டார். மனுஷனுக்குப் பாட்டுப் பைத்தியம் முற்றிவிட்டது என்றே நினைத்தேன். சித்தி எதிலும் சாயாமல் நடுவீட்டில் உட்கார்ந்து கொக்கி வைத்தார். முகம் வாடிப்போயிருந்தது.

லாரிக்காரருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதானே. பழைய டியூபை வளையமாக வெட்டி, அரத்தால் சுரண்டி, சொல்யூஷன் தடவிப் பஞ்சர் ஒட்டுவதுபோல ஒட்டினார். கரகரப்பு போய்விட்டது. நான் கைதட்டினேன். சித்தப்பாவோ சித்தியைக் கூப்பிட்டார். சித்தி பெட்டிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினார். காது கேட்காதவரிடம் போய் அபிப்பிராயம் கேட்கிறாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"டியூபு வெறச்சுக்கிட்டு நிக்குதுங்க. துணியக் கிராஸா வெட்டி வெச்சா இழுத்த இழுப்புக்கு வருமுங்க" என்றார் சித்தி.

ஜாக்கெட் கழுத்துக்குப் பட்டி வைக்க அப்படித்தான் துணியை மூலைவாக்கில் வெட்டுவார். அப்போதுதான் அது நெகிழ்ந்து கொடுக்கும். மெல்லிய வாயில் துணியில் வெட்டித் தந்த வளையத்துக்குச் சித்தப்பா சொல்யூஷனைப் பெட்ரோலில் கரைத்துப் பூசினார். சித்தி கூம்பை விரலால் அமுக்கி அமுக்கி, உள்ளே உரசாத நிலை பார்த்துத் தலையசைக்க, அவர் ஒட்டினார். இரண்டு பேரும் மதியச் சோற்றையே மறந்துவிட்டார்கள்.

மறுநாள் பாட்டுப் போட்டதும் சன்னல் கம்பி அதிர்ந்தது. சித்தி பெட்டியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய கால் கட்டைவிரல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. எறும்பு கடிக்கிறதோ என்று குனிந்து பார்த்தேன்.

இன்றைக்கு நினைத்தாலும் மனசு நிறைந்துபோகிறது. அந்த இரண்டு பேரோடும் லீவு நாட்களைக் கழிக்க நான் கொடுத்துவைத்திருந்தேன். ஆனால் அன்றைக்கு, பக்கத்து வீட்டுக்காரர் காது கிழிகிறது என்று சத்தம் போட்டுவிட்டுப் போனதும், நானும் கேட்டேன்:

"சித்திக்குத்தான் கேக்காதே, யாருக்குங்க சித்தப்பா இத்தனை சத்தம்?"

"அவளுக்குத்தாஞ் சாமி" என்றார்.

காது கேட்காதவரைக் கேலி பேசுகிறாரே என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. சித்தியின் கட்சியில் சேர்ந்துகொண்டு, மறுநாள் அவர் வண்டி எடுக்கிறவரைக்கும் நான் முகம் கொடுத்துப் பேசவே இல்லை.