ஆம்புலன்ஸ் பொம்மையின் நீல விளக்கு

இது கட்டிவிட்ட கதை இல்லை. கொல்லிமலையில் வேலை பார்க்கும் இமானுவேலுக்கு, போன டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, பொழுது சாய்கிற நேரத்தில் நடந்தது. நேரத்தைக்கூட நிமிடம் பிசகாமல் சொல்கிறான். நம்ப முடியாதவர்கள் சிரித்துக்கொள்ளலாம். இப்படிப்பட்ட கதைகளைக் கேட்டு நிறையச் சிரித்தவன்தான் அவனும்.

இமானுவேல் கரூர்க்காரன். வாழவந்தி நாட்டுப் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். மனைவி ரஞ்சிதாவும் மகள் ஜெமிமாவும் கரூரிலேயே இருந்தார்கள். மகளின் பிறந்தநாளுக்கு இரண்டு வருடம் தொடர்ந்து அவன் போகவில்லை. ஒரு முறை டூட்டி, ஒரு முறை மழையில் ரோடு சரிந்துவிட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எட்டு வயது. ஒரு வாரமாக அவள் போனுக்கே வரவில்லை. கடைசியாகப் பேசியபோது ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "நிஜ ஆம்புலன்ஸ் மாதிரி நீல லைட்டு மின்னணும்ப்பா. மின்னலைன்னா வராதீங்க."

அவள் பரிசாகக் கேட்ட ஆம்புலன்ஸ் பொம்மையைப் பிளாஸ்டிக் பிளாக்குகளைப் பொருத்திச் செய்வது சுலபமாகத்தான் இருந்தது. வெள்ளை வண்டி, உள்ளே ஒரு ஸ்ட்ரெச்சர், முன் சீட்டில் விரல் நுனி அளவு டிரைவர் பொம்மை. விளக்கு மாட்டுவதில்தான் உயிர் போனது. ஆன்லைனில் வாங்கிய விளக்கு செட்டில் ஒயர்கள் தலைமுடி கனம்கூட இல்லை. அதைப் பிளாக்கின் குமிழ்களுக்கு இடையில் வளைத்துப் படுக்கவைத்து, மேலே இன்னொரு பிளாக்கை அழுத்த வேண்டும். கொஞ்சம் தவறினால் ஒயர் நசுங்கும். மதியம் இரண்டு மணிக்கு, நிலையத்தை ஒட்டிய தன் குவார்ட்டர்ஸில், டிரெஸ்ஸிங் அறையிலிருந்து எடுத்துவந்த இடுக்கியோடு உட்கார்ந்தான். நாலு மணிக்குள் ஒரு ஒயர் அறுந்தது. கூரையை ஐந்து முறை பிரித்தாயிற்று. மாற்று ஒயர் ஒன்றே ஒன்று மிச்சம். நாமக்கல் போகும் கடைசி பஸ் 6.40க்கு. எரிச்சலில் இடுக்கியைச் சுவரில் விட்டெறிந்தான்.

4.10க்கு ஆம்புலன்ஸ் டிரைவர் ராசப்பன் சாவியோடு குவார்ட்டர்ஸ் பக்கம் வந்தார். ஒரு பிரசவ கேஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் நின்றபடியே எட்டிப் பார்த்துவிட்டு, சிவப்பு ஒயரும் கருப்பு ஒயரும் இடம் மாறி இருப்பதாகச் சொன்னார். மாற்றிப் போட்டதும் இரண்டு நீல விளக்குகளும் பளிச், பளிச் என்று மின்னின. இமானுவேலுக்கு வாயெல்லாம் பல். ராசப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

"எரிய உட்டே வச்சுராதீங்க சார்," என்றார். திரும்பிப் பார்க்காமல் போய் வண்டியை எடுத்தார்.

4.20.

விளக்கு அணைந்தது. ஒயர் விட்டிருக்கும் என்று நினைத்துக் கூரையைப் பிரித்தான். ஒயர் சரியாக இருந்தது. பேட்டரி டப்பாவின் சுவிட்சைப் பார்த்தால், அது ஆஃபில் இருந்தது. கை பட்டிருக்கும். போட்டான், மின்னியது. டீ வைக்க அடுப்பங்கரைக்குப் போனான். பின்னால் 'டக்' என்று சின்னதாக ஒரு சத்தம்.

மறுபடியும் ஆஃப்.

சுவிட்ச் லூஸ் என்று முடிவு கட்டினான். விற்றவனை வாயில் வந்தபடி திட்டினான். சுவிட்சின் மேல் பிளாஸ்திரி ஒட்டினான். 4.45க்கு முகம் கழுவிவிட்டு வந்து பார்த்தபோது பிளாஸ்திரி ஒட்டியபடியே இருந்தது. விளக்கு எரியவில்லை. டப்பாவைக் கையில் எடுத்தால் கனமே இல்லை. உள்ளே இருந்த இரண்டு வட்டப் பேட்டரிகளும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. மூடியின் கடுகளவு ஸ்க்ரூ அவற்றுக்கு அருகில் இருந்தது.

அந்த ஸ்க்ரூவைக் கழற்ற அவனுக்கே முன்பு ஐந்து நிமிடம் ஆகியிருந்தது.

தூக்கக் கலக்கத்தில் தானே கழற்றியிருப்போம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டான். நேற்று இரவும் சரியாகத் தூங்கவில்லையே. பேட்டரியைப் போட்டு மூடினான். மகளின் முகம் நினைவுக்கு வந்தது. அழுகை வரும்போல இருந்தது. இந்த இத்துனூண்டு விளக்கால் இந்த வருடமும் கெட்டுப் போகப்போகிறதே என்று ஆத்திரமாக வந்தது.

5.20. மறுபடியும் அணைந்தது. இந்த முறை வண்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

முன் சீட்டு காலியாக இருந்தது.

டிரைவர் பொம்மை பின்னால், ஸ்ட்ரெச்சரில் மல்லாந்து படுத்திருந்தது.

கூரையைப் பிரித்தபோது விழுந்திருக்கும்... எடுத்து முன் சீட்டில் அழுத்தி உட்கார வைத்தான். 'க்ளிக்' என்று பொருந்தியது. விளக்கைப் போட்டான். கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே இருந்தான். பளிச்... பளிச்... பளிச்...

5.50. கரண்ட் போனது.

ஜன்னலுக்கு வெளியே பனி இறங்கியிருந்தது. எதிரே இருந்த மிளகுக் கொடிகூடத் தெரியவில்லை. அறையில் பொம்மையின் நீல வெளிச்சம் மட்டும் சுவரில் வந்து வந்து போனது. டீசல் வாடை அடித்தது. சேறும் டீசலும் கலந்த வாடை.

6.00.

வாசலில் ஒரு சத்தம்.

கிர்ர்... கிர்ர்... டக்.

யாரோ வண்டியை ஸ்டார்ட் செய்ய முயல்கிறார்கள். ராசப்பன் திரும்பிவிட்டார் போல என்று நினைத்தான். கதவைத் திறந்தான்.

வாசல் காலி. வண்டி எதுவும் இல்லை. ஈர மண்ணில் புது டயர்த் தடமும் இல்லை.

கிர்ர்... கிர்ர்ர்... டக்.

சத்தம் அவனுக்கு மூன்றடி தூரத்தில் இருந்து வந்தது. வெறும் பனியில் இருந்து.

உள்ளே ஓடினான். கதவைச் சாத்தினான்.

பொம்மையின் முன் சீட்டு காலி.

ஸ்ட்ரெச்சரில்... அது படுத்திருந்தது. விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. பிளாஸ்திரி மட்டும் கிழிந்து தொங்கியது.

கிர்... கிர்... டக்.

சத்தம் தேய்ந்துகொண்டே வந்தது.

கிர்... டக்.

டக்.

பயத்தைவிட அவனுக்குக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது. மதியத்திலிருந்து சேர்த்து வைத்த கோபம். ஸ்க்ரூவைக் கழற்றினான். இரண்டு பேட்டரிகளையும் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டான்.

"அணைச்சுட்டேன். போதுமா?" என்று கத்தினான்.

அறை இருண்டது.

மணி 6.08. போன் வெளிச்சத்தில் பார்த்தான்.

வாசலில் ஒரே ஒரு தரம்... கிர்ர்ர்... இஞ்சின் பிடித்துக்கொண்டது. உறுமியது. கியர் மாறியது. கேட்டைத் தாண்டி, வளைவு வளைவாகக் கீழே இறங்கி, தூரத்தில் கரைந்தது.

அதற்குப் பிறகு அவன் எதையும் யோசிக்கவில்லை. பொம்மையை அட்டைப்பெட்டியில் திணித்துக்கொண்டு ஓடி, 6.40 பஸ்ஸைப் பிடித்தான். பத்தேகால் ஆனது கரூர் போய்ச் சேர. ஜெமிமா தூங்காமல் காத்திருந்தாள். பேட்டரியைப் போட்டுச் சுவிட்சைத் தள்ளியதும் முதல் தரத்திலேயே விளக்கு மின்னியது. அன்றிரவு முழுக்க ஒரு தடவைகூட அது அணையவில்லை. மகள் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு வாரக் கோபம் போன இடம் தெரியவில்லை. பெட்டியில் வைக்கும்போது டிரைவர் பொம்மை எங்கே இருந்தது என்று அவன் பார்க்கவில்லை. கரூரில் பெட்டியைத் திறந்தபோது அது முன் சீட்டில், ஸ்டியரிங்குக்கு நேராக உட்கார்ந்திருந்தது.

திங்கட்கிழமை மலைக்குத் திரும்பியதும் ராசப்பனைத் தேடிப் போனான். ஏன் அன்றைக்கு அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டான். ராசப்பன் சொன்னார்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அந்தக் குவார்ட்டர்ஸில் இருந்தவர் சுப்பண்ணன், அப்போதைய ஆம்புலன்ஸ் டிரைவர். இதே டிசம்பர், இதே பனி. சாயங்காலம் 4.20க்கு அவருக்கு நெஞ்சுவலி. உடனே கீழே கொண்டுபோகச் சொல்லிவிட்டார் டாக்டர். கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வண்டியை இறக்கத் தெரிந்தவர் அன்றைக்கு மலையில் அவர் ஒருத்தர்தான். அவரையே அவர் வண்டியின் ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, குவார்ட்டர்ஸ் வாசலில் தயாராக நிறுத்தி, அடிவாரத்தில் லீவில் இருந்த இன்னொரு டிரைவர் ராசப்பனைப் போனில் கூப்பிட்டார்கள். ராசப்பன் பைக்கில் கிளம்பினார். கிளம்பும்போது, பனியில் தனக்கு அடையாளம் தெரியவேண்டும், நீல விளக்கை எரியவிட்டு வையுங்கள் என்று சொன்னது ராசப்பன்தான். இஞ்சினை அணைத்துவிட்டு விளக்கை மட்டும் எரியவிட்டார்கள்.

"படுத்தவாக்குல சுப்பண்ணன் ஒண்ணையேதான் சொல்லிட்டுக் கெடந்தாராமுங்க. லைட்ட அணைங்க, பேட்டரி எறங்கிரும்னு. வலியில ஒளர்றாருன்னு நெனச்சு யாரும் காதுல வாங்கல. நான் ஆறு மணிக்கு வந்து சாவியப் போட்டேன். கிர்ருங்குது, அவ்வளவுதான். தள்ளியும் பாத்தோம். சேத்துல சக்கரம் நவுரல."

இமானுவேல் தான் கேட்ட சத்தங்களைச் சொன்னான். பேட்டரியைப் பிடுங்கியதைச் சொன்னான். கடைசியில் வண்டி ஸ்டார்ட் ஆகிக் கீழே போனதையும் சொன்னான்.

ராசப்பன் அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்டார்ட் ஆனப்ப மணி என்னங்க சார்?"

"ஆறு எட்டு."

ராசப்பன் வாசலில் வண்டி வழக்கமாக நிற்கும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு அவரு உசுரு போனது ஆறு பத்துக்குங்க. இந்தத் தடவ ரெண்டு நிமிசம் முந்தியே கெளம்பிட்டாரு," என்றார்.