ஈர வெட்டிவேர்

சாவி திரும்ப மறுத்தது. கதவிடுக்கு வழியே கூலரின் ஈர வெட்டிவேர் வாசனை வந்தது. மோதி பாக் அரசாங்கக் குவார்ட்டர்ஸில், என் சின்ன வயதில், ஒரு கோடை மாலையிலும் இதே வாசனைதான்.

ஆபீஸ் விட்டு வந்த அப்பா எங்கள் வீட்டைத் தாண்டி அடுத்த பிளாக்கில் நுழைந்தார். எல்லா வீடும் ஒரே அச்சு, யாருக்கும் நேர்வதுதான். நான் சிரித்துக்கொண்டே பின்னால் ஓடினேன். ஃபைல் நம்பரையெல்லாம் மனப்பாடமாகச் சொல்கிற அப்பா, கூலர் முன்னால் உட்கார்ந்து, அந்த வீட்டுப் பஞ்சாபி ஆன்ட்டியிடம், "கமலா, காபி கொண்டா" என்றார்.

கமலா என் அம்மா. ஆன்ட்டி சிரிக்கவில்லை. "பேட்டா, மம்மி கோ புலாவோ, ஜல்தி!" என்றாள். ஓடிப்போய் அம்மாவை அழைத்து வந்தேன்.

"வாங்க, நம்ம வீட்டுக்குப் போலாம்."

"இதுதானே நம்ம வீடு?" என்றார் அப்பா. அவர் கண்ணில் இருந்த பயம் எனக்குள்ளும் இறங்கியது.

ஆன்ட்டி சொன்னபடி, மறுநாள் முதல் அம்மா அப்பாவோடு எனக்கும் பாதாம் ஊறவைத்தாள். மூளைக்கு நல்லதாம். இன்று காலைகூடத் தின்றேன்.

சாவியை மறுபடி அழுத்தித் திருகினேன்.

"கோன் ஹை?" உள்ளிருந்து ஒரு பெண் குரல் யாரென்று கேட்டது.

என் வீட்டில் என்னைத் தவிர யாரும் இல்லை. கூலரும் இல்லை.