மோடமும் மூன்று ஹிந்திப் பரீட்சையும்

என் மேல் ஃப்ளாட்டுக்காரர் வீரராகவன், மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் ஓய்வு பெற்றவர். கல்கத்தாவில் இருபத்தாறு வருஷம் இருந்தும் வங்காளி கற்றுக்கொள்ளவில்லை. "ஹிந்தி போறும் ஓய்" என்பார். ஆபீசில் வைத்த மூன்று ஹிந்திப் பரீட்சையும் பாஸ். அந்தச் சான்றிதழ்கள் லேக் கார்டன்ஸ் வீட்டுச் சுவரில், அவருடைய கல்யாண ஃபோட்டோவுக்கு மேலே தொங்கும். மனைவி வத்சலாவோ எதிர் ஃப்ளாட் பௌதியோடு (வங்காளியில் அண்ணி) மீன் விலை தவிர எல்லாவற்றையும் வங்காளியில் பேசுவாள்.

2007-ல் பிள்ளை ராகவுக்கு இங்கிலாந்தில் கல்யாணம். இவர்களுக்கு விசா கிடைக்கவில்லை. "கம்ப்யூட்டர்ல காட்டறேம்மா, பிராட்பேண்ட் போட்டுக்கோங்கோ" என்றான். கல்யாணம் நடக்கும் அந்தச் சனிக்கிழமையைத் தவிர வத்சலா வேறு எதையும் நினைக்கவில்லை.

கேபிள்காரன் தபன் வந்து மொட்டை மாடி வழியாக ஒயர் இழுத்துவிட்டான். வத்சலா கடைக்குப் போயிருந்தாள். என்ன வாங்க வேண்டும் என்று வீரராகவன் ஹிந்தியில் கேட்டார். "மோடம் லாக்பே நா" என்று வங்காளியில் சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

'லாக்பே' என்றால், ஹிந்தி 'லகேகா' மாதிரி, வேண்டும். ஹிந்தியில் அதன் வாலில் 'நா' வந்தால், 'வேணுமே, தெரியாதா?' என்று அர்த்தம். வங்காளியில் அதே 'நா' வந்தால் வேண்டாம். தபன் சொன்னது மோடம் தேவையில்லை என்று. பரீட்சை பாஸ் பண்ணிய காதில் விழுந்தது, கட்டாயம் வேண்டும் என்று.

சாந்தினி மார்க்கெட்டில் ஏழு கடை ஏறி இறங்கினார். எந்த மோடத்தில் விளக்கு அதிகம் என்று எண்ணிப் பார்த்தார். டெலிபோன் லைனா, கேபிளா என்று ஒரு கடைக்காரன் கேட்டதற்கு, "லைன்லாம் வந்தாச்சு, நீ மோடத்தைக் குடு" என்று ஹிந்தியில் அதட்டி, நாலு விளக்கு மோடம் ஒன்றை வாங்கி வந்தார்.

சனிக்கிழமை நம் நேரம் மாலை நாலரைக்கு, அங்கே பகலில், முகூர்த்தம். ஒயரை மோடத்தில் சொருகியதும் மூன்று விளக்கு எரிந்தது. நாலாவது எரியவில்லை. நான் டார்ச் அடித்துக்கொண்டு நின்றேன்.

"ஏன்னா, பௌதி ஆத்துல நெட் இருக்கு. வாங்கோ" என்றாள் வத்சலா, பட்டுப்புடவையில்.

"என் பிள்ளை கல்யாணத்தை அடுத்தவா ஆத்துலயா பாக்கறது? பத்து நிமிஷம் பொறு!"

அவள் பொறுக்கவில்லை, போய்விட்டாள். நீரும் போமய்யா என்று நான் சொல்லிப் பார்த்தேன். மனுஷர் அசையவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

ஃபோன் போட்டு வரவழைத்த தபன் ஐந்தேகாலுக்கு வந்தான். மோடத்தைப் பிடுங்கி வைத்துவிட்டு, ஒயரை நேராகக் கம்ப்யூட்டரில் சொருகினான். உடனே நெட் வந்தது. அதற்குள் அங்கே தாலி கட்டி முடிந்து, ராகவ் கேமராவை அணைத்திருந்தான். வீரராகவன் இருட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போது பாவமாகத்தான் இருந்தது.

வத்சலா திரும்பி வந்தாள். அழுதிருந்தாள்.

"அப்பா எங்கேம்மான்னு கேட்டான்."

"என்ன சொன்னே?"

"ஆத்துல உக்காந்து பாத்துண்டிருக்கார்னேன். உடனே கேமராவைப் பாத்து, உங்களை ஒரு தரம் சேவிச்சான்."