ஹோஹோஃபன் ட்ரம்மரும் ஐந்து வாரப் படிக்கட்டும்

ஹார்ட்முட் பவெல்ச்சிக் ட்ரம்ஸில் ஓங்கி ஒரு அடி வைத்தால், ஆயிரம் மீட்டர் ஆழத்தில் கிடக்கும் நிலக்கரி லிஃப்ட் இல்லாமலே மேலே வந்துவிடும். ஹாலந்து எல்லை வரைக்கும் பசுக்கள் மடியை இறுக்கிக்கொள்ளும். பெர்லின் சுவரில் முதல் விரிசல் விட்டதே 1984இல் அவர் அடித்த ஓர் அடியில்தான். மற்றவர்கள் ஐந்து வருடம் கழித்துச் சுத்தியலோடு வந்து பேரைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

இதைச் சொல்வது நானில்லை, எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடை உஷி. ஆள் மட்டும் எதுவும் சொல்வதில்லை. ஜெர்மனியின் ஹெர்ன நகரத்தில் நாங்கள் இருக்கும் வீட்டின் இரண்டாம் மாடியில், எங்கள் கதவுக்கு எதிர்க்கதவு அவருடையது. வயது அறுபத்து நாலு. கீழே இருக்கும் தபால்பெட்டி அவரைவிட அதிகம் பேசும். அதற்காவது மூடி கிறீச்சிடும்.

1979இல் நாலு பேர் சேர்ந்து ஆரம்பித்த ராக் குழு அது. பாட்டுக்காரர் ஃபோல்க்கர் அப்போது கசாப்புக் கடையில் வேலை பழகிக்கொண்டிருந்தார். கிட்டார் வாசித்த அண்ணன் தம்பி இருவரும் சுரங்கத்தில். ஹார்ட்முட் இரும்பாலையில். போர்க்காலத்தில் கட்டிய குண்டுக் காப்பகம் ஒன்றில் ஒத்திகை பார்த்தார்கள். ஜன்னல் கிடையாது, சுவர் இரண்டு மீட்டர் கனம், உள்ளே எவன் கத்தினாலும் வெளியே எந்தக் கிழவரும் போலீசைக் கூப்பிட மாட்டார். குழுவுக்கு இரும்பு உருக்கும் உலையின் பெயரை வைத்தார்கள்: ஹோஹோஃபன்.

முதல் கச்சேரி தீயணைப்புப் படையின் திருவிழாக் கூடாரத்தில். வந்தவர்கள் பீருக்கு வந்தவர்கள். பிறகு ஒரு பழைய ரொட்டிக்கடை வேனை வாங்கினார்கள். ஹாம்பர்க், ராட்டர்டாம், போலந்து என்று எங்கே போய் இறங்கினாலும் சட்டையில் ரொட்டி வாசனை. முதல் இசைத்தட்டை மூன்று நாளில் முடித்தார்கள், அது கேட்டாலே தெரியும். இரண்டாவதில்தான் ‘கடைசி ஷிஃப்ட்’ பாட்டு. அது விற்பனைப் பட்டியலில் ஒன்பதாம் இடம் வரை ஏறியது. மூன்றாவது விற்கவில்லை. நான்காவதை யாரும் வெளியிடவில்லை. 1991இல் ஃபோல்க்கர் வெள்ளை சூட் தைத்துக்கொண்டு உல்லாசக் கப்பல்களில் காதல் பாட்டுப் பாடப் போனார். அண்ணன் தம்பி திரும்பவும் சுரங்கத்துக்குள் இறங்கினார்கள், அதுவும் மூடப்படும் வரைக்கும். ஹார்ட்முட் ட்ரம்ஸைக் கழற்றி நிலவறையில் உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கிவிட்டு ட்ராம் ஓட்டப் போனார். முப்பத்தொரு வருடம்.

“ட்ராம் ஓட்டறப்ப கை தாளம் போடுமா?” என்று ஒரு தடவை கேட்டேன்.

“தண்டவாளம் இருக்கே. அது பாட்டுக்குப் போவும்.”

அவர் மனைவி கிறிஸ்டல் ஆறு வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை அடக்கம் செய்யப்பட்டார். வெள்ளி விடியற்காலை ஹார்ட்முட் சீருடையோடு உஷி கடையில் காப்பிக்கு நின்றார்.

“உனக்கென்ன பைத்தியமா? இன்னிக்குமா வேலைக்குப் போற?” என்று உஷி கத்தினாளாம்.

“வெள்ளிக்கிழமை என் ஷிஃப்ட்,” என்றாராம்.

அழவில்லை. குடிக்கவில்லை. எதுவும் எங்கேயும் உறைக்கவில்லை. போன வருடம் ஓய்வு பெற்ற பிறகும் அப்படியேதான். அதைச் சோதித்துப் பார்க்கலாமென்று எனக்குத் தோன்றியது.

எங்கள் வீட்டில் படிக்கட்டு துடைக்கும் முறை என்று ஒரு அட்டை உண்டு. எந்தக் கதவில் தொங்குகிறதோ அந்த வாரம் அந்த வீட்டார் துடைக்க வேண்டும், துடைத்தபின் அடுத்த கதவில் மாட்ட வேண்டும். அவருக்கு அடுத்தது நாங்கள். அவர் துடைத்துவிட்டு அட்டையை எங்கள் கதவில் மாட்டினார். நான் அதை எடுத்து மறுபடி அவர் கதவில் மாட்டினேன். அடுத்த திங்கள் மறுபடி துடைத்தார், மறுபடி எங்கள் கதவில் மாட்டினார். நானும் மறுபடி. அம்மா முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவள், கவனிக்கவில்லை. எப்போது கத்துவார் என்று கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்துக் காத்திருந்தேன். மனிதர் கத்தவே இல்லை.

நாலாவது வாரம் தாங்காமல் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன்.

“ஹெர் பவெல்ச்சிக், ‘கடைசி ஷிஃப்ட்’ பாட்டுல அந்த அடி... நிஜமாவே நீங்க அடிச்சதா? மனுஷன் அடிச்ச மாதிரியே இல்லியே. அவ்ளோ சுத்தம்.”

துணியைப் பிழிந்தார். “நான் அடிக்கல.”

“என்னது?”

“என் கை லேசா பிந்துது, கடிகாரத்துக்கு ஒத்து வரலன்னு ஸ்டூடியோக்காரன் சொன்னான். போய் சாப்ட்டு வான்னான். சாஸேஜும் உருளை வறுவலும் சாப்ட்டுட்டு வந்தேன். அதுக்குள்ள ஒரு மெஷின் அடிச்சு முடிச்சிருச்சு.” அடுத்த படிக்கு இறங்கினார். “ரெக்கார்டு அட்டையில என் பேருதான் போட்டான். காலத் தூக்கும்மா.”

நாற்பது வருடமாக எல்லோரும் அவர் தோளைத் தட்டிப் பாராட்டுவது அந்த மெஷினைத்தான். யாரிடமும் அவர் சொன்னதில்லையாம். கிறிஸ்டலிடம்கூட.

ஐந்தாவது வாரமும் அட்டையை அவர் கதவில்தான் மாட்டினேன். வெட்கமாக இருந்தது, ஆனால் நிறுத்தினால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடுமே.

அந்த வாரம் ஃபோல்க்கர் வந்தார். நகரத் திருவிழாவில் நாற்பத்தைந்தாம் வருடக் கச்சேரி, அதோடு குழுவை ஒரேயடியாகக் கலைத்துவிடுவார்களாம். வாசலிலேயே பேச்சு நடந்தது.

“உன்ன விட்டா யாருடா? அந்தப் பாட்டுக்கு நீ வேணும்டா!”

“கை மரத்துப் போச்சு.”

“பொய் சொல்லாத. முப்பது வருஷம் பிரேக் புடிச்ச கை.”

“மெஷின் வச்சுக்க,” என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டார்.

‘கடைசி ஷிஃப்ட்’ இல்லாமல் அந்தக் கச்சேரி நடக்காது என்று எனக்குத் தெரியும். அவர் இந்தத் தடவை போகாவிட்டால் அவர் கடைசி வரைக்கும் படிக்கட்டு துடைக்கிறவராகவே இருந்துவிடுவார் என்பதும் தெரியும்.

உஷியின் சிகரெட் அலமாரிக்கு மேலே ஒரு கேசட் இருந்தது. 1985இல் ஓபர்ஹவுஸன் கச்சேரியில் முதல் வரிசையில் நின்று அவள் பதிவு செய்தது. கேலி செய்ய ஏதாவது கிடைக்கும் என்றுதான் வாங்கினேன். இசைத்தட்டில் அந்த அடி ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். கேசட்டில் ஒவ்வொன்றும் ஒரு மயிரிழை பிந்தி விழுந்தது. வேலை முடிந்து ஆள் வீட்டுக்கு நடக்கிற மாதிரி, கால் வராமல். நாலு தடவை திருப்பிக் கேட்டேன்.

பிறகு பெரு நாட்டு ரோசாலியாவாக மாறி ஒரு ரசிகைக் கடிதம் எழுதினேன். தப்பும் தவறுமான ஜெர்மன் எழுத நான் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை, என் ஜெர்மனே அப்படித்தான். “உங்கள் இசைத்தட்டு எனக்குப் பிடிக்காது. ஓபர்ஹவுஸன் கேசட்தான் பிடிக்கும். அதில் பிந்துகிறதே, அதுதான் பாட்டு. நீங்கள் திருவிழாவில் வாசித்தால் இங்கே ஒருத்தி சந்தோஷப்படுவாள். கையெழுத்துப் போட்ட அட்டை ஒன்றும் வேண்டும்.” பழம்பொருள் சந்தையில் வாங்கிய பெரு ஸ்டாம்பை உறையில் ஒட்டினேன். ஆட்டோகிராஃப் கேட்டால் சுயமுகவரி எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறை ஒன்றை உள்ளே வைப்பதுதானே மரியாதை? அதையும் வைத்தேன், அம்மாவின் டிராயரில் இருந்த ஸ்டாம்பை ஒட்டி. எல்லாவற்றையும் அவர் தபால்பெட்டியில் போட்டேன். மூடி கிறீச்சிட்டது.

மூன்று நாள் ஒன்றுமில்லை. நாலாம் நாள், யாரும் சத்தம் போடக்கூடாத மதிய அமைதி நேரம் முடிந்து சரியாக மூன்று மணி ஒரு நிமிடத்துக்கு, எதிர்வீட்டிலிருந்து ட்ரம்ஸ் பழகும் ரப்பர் பலகையில் குச்சி விழும் சத்தம் கேட்டது. டொக். டொக். பிந்தித்தான் விழுந்தது.

திருவிழாவில் முந்நூறு பேர் இருந்திருப்பார்கள், பாதிப் பேர் பழைய சுரங்கத் தொழிலாளிகள். மேடைக்குப் பின்னால் ஃபோல்க்கர், “ரெக்கார்டுல இருக்கற மாதிரியே அடிடா, ஜனம் அதுக்குத்தான் வந்திருக்கு,” என்றார். ஹார்ட்முட் தலையாட்டினார். கடைசிப் பாட்டு ‘கடைசி ஷிஃப்ட்’. முதல் அடியே பிந்தி விழுந்தது. ஃபோல்க்கர் திரும்பி முறைத்தார். இரண்டாவது வரியிலும் முறைத்தார். மூன்றாவது வரியில் வேறு வழியில்லாமல் அவரும் நடையைக் குறைத்தார். முன்வரிசைக் கிழவர்கள் கைதட்டுவதை நிறுத்திவிட்டுச் சும்மா நின்றார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். ஹார்ட்முட்டின் முகம் ட்ராம் ஓட்டுகிற முகமாகவே இருந்தது. முடிந்ததும் இறங்கி வந்து சாஸேஜும் உருளை வறுவலும் வாங்கிச் சாப்பிட்டார்.

“எப்டி இருந்துச்சு?” என்று உஷி கேட்டாள்.

“கொஞ்சம் உப்பு கம்மி.”

மறுநாள் திங்கள், எங்கள் கதவில் அட்டை தொங்கியது. துடைத்தேன். முறைப்படி மேல்மாடிக் கதவில் மாட்டினேன். அடுத்த திங்கள் அட்டை மறுபடி எங்கள் கதவில். அதற்கடுத்த திங்களும். நான் யாரிடம் போய்ப் புகார் சொல்வது?

ஐந்தாவது வாரம், முட்டி வலிக்கத் துடைத்துக்கொண்டிருந்தபோது கீழேயிருந்து அவர் ரொட்டிப் பையோடு ஏறி வந்தார். ஈரப்படிக்கு முன்னால் நின்று, சட்டைப் பையிலிருந்து ஓர் உறையை எடுத்து நீட்டினார். என் கையெழுத்தில் பெரு முகவரி. மூலையில் எண்பத்தைந்து சென்ட் ஜெர்மன் ஸ்டாம்ப்.

“இந்த ஸ்டாம்ப்புக்கு இது பெரு வரைக்கும் போவாது,” என்றார். “நேர்லயே குடுத்துடலாம்னு பாத்தேன்.”

உள்ளே 1984ஆம் வருடத்து அட்டை. நீளமுடியோடு நாலு பேர். அவர் படத்தின் மேல் நீல மையில் கையெழுத்து.

“காலத் தூக்கு, ரோசாலியா,” என்று சொல்லிவிட்டு ஏறிப் போனார்.