வழித்துவைத்த சீஸ்

மலாயாவில், லகாட் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் என் கணவர் கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, துரை பங்களாச் சமையல்காரர் ஒரு நாள் காலை எங்கள் வீட்டுக்கு வந்தார். முன்பல் விழுந்த, ஒல்லியான மனிதர். பேச்சுக்கு நடுவே தம் விரல்களை முகர்ந்துகொள்வார். காய்ச்சல் விட்டும் என் மகள் எதையும் தின்ன மறுக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தார்.

"துரைசானி கப்பலேறுறப்ப மிச்ச சீச எனக்குக் குடுத்துட்டாங்கம்மா. இத எந்தப் புள்ளயும் வேணாங்காது."

வாழைப்பழத்தைக் கீறி, இலையில் கொண்டுவந்த சீஸையும் இடித்த முந்திரியையும் உள்ளே அடைத்து, தோலோடு என் அடுப்புத் தணலில் சுட்டார். புளித்த வாடை கிளம்பியது. கெட்டுப்போயிருக்குமோ என்று பயந்தேன்.

"உங்க பிள்ளைங்க இதச் சாப்பிடுமா அண்ணே?"

"பங்களா சாமான் நாங்க இருக்கற கூலி லயத்துக்குப் போகக்கூடாதும்மா. எம்பொண்ணு என் கைய மோந்து பாத்துட்டு, நாளைக்குக் கொண்டுட்டு வான்னு கேக்கும். போன மழையில காய்ச்சல் வந்து அது செத்துப் போயிருச்சு."

பழத்தைத் தட்டில் வாங்கிக்கொண்டேன். ஆனாலும் பயம் விடவில்லை. சீஸை வழித்து ஓரத்தில் வைத்துவிட்டு, பழத்தை மட்டும் மகளுக்கு ஊட்டினேன். அவள் முழுவதும் தின்றாள்.

"தின்னுருச்சுல்ல, அது போதும்மா" என்றார். வழித்ததை அதே இலையில் மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

சீஸோடு ஒரு வாயாவது அவர் எதிரில் கொடுத்திருக்கலாம். கொடுத்து, மகளுக்கு ஏதாவது ஆகியிருந்தால்? இரண்டையும் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.