நிறைந்து திரும்பி வந்த பாட்டில்

அன்றைக்குக் குற்றாலத்துச் சென்ட் கடையில் இருந்தது நாலு பேர். நான், என் மாமியார், என் நாத்தனார், கடைக்கார அண்ணாச்சி. வெளியே சாரல். சீசன் கூட்டம் அருவிக்குப் போவதும் ஈரத்துணியோடு திரும்புவதுமாக இருந்தது. எங்களுக்குக் குளிக்கிற எண்ணமே இல்லை. தென்காசியிலிருந்து பஸ் ஏறி வந்தது, சென்ட்டை மோந்து பார்க்க.

என் வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை பார்த்தார். அங்கே ஒரு சின்னக் கம்பெனி மட்டும் செய்கிற சென்ட் அது. கல்யாணத்துக்கும் அதைத்தான் போட்டிருந்தார், பிறகு லீவில் வரும்போதெல்லாம் அதேதான். போன வருஷம் தூக்கத்திலேயே போய்விட்டார். அங்கேயே அடக்கம். முகம்கூட நான் பார்க்கவில்லை. அறையில் கூட இருந்தவர்கள் அவர் பெட்டியை அனுப்பிவைத்தார்கள். துணியெல்லாம் துவைத்து மடித்திருந்தார்கள். பாவம், நல்ல மனசுதான். பாட்டிலில் மட்டும் ஒரு விரற்கடை மிச்சம் இருந்தது.

நான் இத்தா இருந்தேன். புருஷன் போனபின் நாலு மாசம் பத்து நாள் வாசனை பூசக்கூடாது. பூசமாட்டேன்தான், ஆனால் கை சும்மா இருக்குமா என்று பயம். எனக்கு எதுக்குத்தான் பயமில்லை? கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள். “நீயே வச்சிரு” என்று பாட்டிலை நாத்தனாரிடம் கொடுத்தேன்.

இத்தா முடிந்ததும் கொண்டுவந்தாள். கழுத்துவரை நிறைந்திருந்தது.

“பாத்திரத்தையே வெறுசாத் திருப்பிக் குடுக்க மாட்டோம் மைனி. எங்க அண்ணன் பாட்டிலை எப்படிக் குடுப்பேன்? எங்க வீட்டுக்காரரும் அங்கனதானே இருக்காரு, வாங்கியாரச் சொன்னேன். அதே பேரு, அதே டப்பா!”

திருகுமூடியைத் திறந்து, மிச்சத்தின் மேலேயே ஊற்றியிருக்கிறாள்.

மோந்து பார்த்தேன். மிட்டாய் வாசனை. அவர் இல்லை. ஒருவேளை எனக்குத்தான் அவர் வாசனை மறந்துபோச்சோ? நாலு மாசத்தில் மறந்துவிடுகிற பொம்பளையா நான்? எட்டாங்கிளாஸோடு நின்றவள், இதை யாரிடம் என்ன சொல்லிக் கேட்பேன்? கடைசியில் அவளிடமே சொல்லி அழுதேன். விசாரித்து, இந்தக் கடையில் பழைய சரக்கு இருக்கிறது என்று கண்டுபிடித்ததும் அவள்தான்.

அண்ணாச்சி இரண்டு காகிதத் துண்டில் அடித்தார். ஒன்றில் நாங்கள் கொண்டுபோனது. இன்னொன்றில் அவரிடமிருந்த பழைய பாட்டில், அதுவும் பாதிதான்.

“உடனே மோக்காதீங்க. காயட்டும். டீ சொல்லுதேன்.”

டீ குடித்து முடிக்குமுன்னே எங்களுடையது வெறும் சோப்பு ஆகிவிட்டது. மற்றது கிராம்பு மாதிரி காரமாக ஏறி, பைய இறங்கி, நனைந்த மரப்பட்டையாகி, அதற்கும் அடியில் அணைந்த சாம்பிராணியாக நின்றது. ஏர்போர்ட்டிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்ற அவர் குனியும்போது வருமே, அது.

மாமியாரிடம் ஒன்றும் சொல்லாமல் இரண்டையும் நீட்டினேன். முதலாவதை மோந்து, “இது யாரு?” என்றார். இரண்டாவதை மோந்தார். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறக்கவில்லை நான். அந்த நிம்மதி ஒரு மூச்சு நேரம்கூட நிற்கவில்லை.

“கம்பெனிக்காரன் சென்ட்டுக் கலவையை மாத்திட்டாம்மா” என்றார் அண்ணாச்சி. “அதுல போடுத வாசனைக் கட்டை விலை எங்கியோ போயிட்டு. இனி பழசு வராது.”

நாத்தனார் உடைந்துவிட்டாள். “அங்கன மண்ணுல வச்சாங்க. இங்கன நானே ஊத்தி அழிச்சிட்டேனே மைனி.”

“ஏட்டி, சும்மா இரு. நிறைச்சுத்தானே குடுத்தே.”

“கண்ணைத் துடைங்கட்டி ரெண்டு பேரும்” என்றார் மாமியார். “அருவி அங்கன இருக்கு.”

பாதி பாட்டில் ஐயாயிரம். என்னிடம் ஆயிரம்தான் இருந்தது. “கொண்டுபோங்கம்மா, பைய குடுங்க” என்றார் அண்ணாச்சி. நான்தான் வேண்டாம் என்றேன். வீட்டில் இருந்தால் திறந்து திறந்தே தீர்த்துவிடுவேன். இல்லையென்றால் யாராவது நல்ல மனசோடு நிறைத்துவிடுவார்கள். பணம் முழுசும் கட்டுகிறவரை கடையிலேயே இருக்கட்டும் என்றேன்.

மாசம் ஐநூறு கொண்டுபோகிறேன். போகும்போதெல்லாம் அண்ணாச்சி ஒரு காகிதத்தில் ஒரு தடவை அடித்துத் தருவார். அந்த அளவுக்குப் பாட்டிலில் குறைகிறது. இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லிவிடணும், பஸ்ஸில் நினைத்துக்கொண்டேதான் போவேன். கடைக்குள் நுழைந்ததும் கை தானே நீண்டுவிடுகிறது.

இன்னும் பாக்கி இரண்டாயிரத்து ஐநூறு ரூபாய்.